ஏழாம் நம்பர் மலைக் கல்

என்னைப் புதிதாகப் பார்ப்பவர்கள் கேட்கும் முதல் கேள்வி என் காலைப் பற்றியதாக இருக்கும். இரண்டாவது கேள்வி, என்ன படிக்கிறாய் என்பது. அதற்கு நான் பதில் சொன்னதும் முதல் கேள்வியை மறந்துவிடுவார்கள். ஒருமுறை பதுளை பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மா, ஆயிரம் வருடத்துக்கு முந்திய கல்வெட்டுகளை ஆராய்கிறேன் என்று நான் சொன்னதும், என் ஊன்றுகோல்களையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அதற்கு ஏதும் வேலை கிடைக்குமா என்று கேட்டார். கிடைக்காது என்றேன். அப்படியானால் ஏன் படிக்கிறாய் என்றார். தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது என்றேன். அதுவும் நல்லதுதான் என்று சொல்லி எனக்கு ஒரு கொய்யாப்பழம் கொடுத்தார்.

பிறவியிலேயே எனக்கு இடுப்புக்குக் கீழே பலம் குறைவு. சமதரையில் இரண்டு ஊன்றுகோல்களோடு யாருக்கும் சளைக்காமல் நடப்பேன். ஏற்றம் என்றால் சிரமம். ஈரமான ஏற்றம் என்றால் முடியவே முடியாது. நான் பிறந்ததோ நமுனுகுல மலைச்சரிவில், ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில். அங்கே சமதரை என்று இருந்தது பெரட்டுக்களம் ஒன்றுதான். காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரித்துக் கொடுக்கும் இடம் அது. மற்றதெல்லாம் ஒன்று ஏற வேண்டும், இல்லாவிட்டால் இறங்க வேண்டும்.

ஐந்தாம் வகுப்பு வரை அப்பா என்னை முதுகில் சுமந்துதான் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனார். அவர் கவ்வாத்துக்காரர். வளர்ந்து உயர்ந்த தேயிலைச் செடிகளைக் கத்தியால் வெட்டிக் குட்டையாக்குவது அவர் வேலை. தோட்டத்தில் கவ்வாத்து வெட்டியவர்களில் அவர் ஒருவர்தான் பீச்சாங்கைக்காரர். அதைச் சொல்லி மற்றவர்கள் கேலி செய்வார்கள், அவரும் சேர்ந்து சிரிப்பார். இடது கை என்னைத் தாங்கியிருக்கும், வலது கையில் என் புத்தகப் பை தொங்கும். பெரட்டுக்கு முன்னால் என்னை இறக்கிவிட்டுப் போக வேண்டும் என்பதால், பள்ளிக்கூடம் திறப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே நான் வாசலில் உட்கார்ந்திருப்பேன். ஐந்தாம் வகுப்பில், பெரட்டு இல்லாத ஒருநாள் நேரம் கழித்துப் போனோம். அப்பா என்னை இறக்கும்போது கூடப் படித்த ஒருத்தி, "கொழுந்து மூட்டை வந்திருச்சு" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவுக்கும் அது கேட்டது. இனி யாரும் என்னைத் தூக்கக் கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்தேன். அப்பாவிடம் என்ன சொன்னேனோ ஞாபகம் இல்லை, அடுத்த வருடமே அப்பா தோட்டத்தை விட்டுவிட்டுப் பதுளையில் ஒரு கடைக்குக் காவலாளியாக வந்து சேர்ந்தார். பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் வாடகை வீடு பார்த்தார். அன்று முதல் நான் என் கையாலும் காலாலும் மட்டுமே போய்வந்தேன்.

முதுதத்துவமாணி, அதாவது எம்.பில்., ஆய்வுக்கு நான் எடுத்த தலைப்பு, மத்திய காலத்தில் இலங்கையின் ஊவா மலைகளினூடாகப் போன வணிகப் பாதைகள். நடக்கச் சிரமப்படுகிறவள் நடைபாதைகளை ஆராய்கிறாளே என்று யாராவது சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிச் சிரித்துவிடுவேன். பல்கலைக்கழக நூலகத்தில் கல்வெட்டுத் தொகுதிகள் இரண்டாம் மாடியில் இருந்தன. மின்தூக்கி கிடையாது. நான் கீழே உட்கார்ந்து சீட்டு எழுதிக் கொடுப்பேன், நூலக ஊழியர் எடுத்து வருவார். பல நாள் நான் கேட்ட தொகுதிக்குப் பதிலாக அதற்குப் பக்கத்தில் இருந்தது வரும். திருப்பி அனுப்ப மனமில்லாமல் அதையும் படித்துவிடுவேன். எனக்குத் தெரிந்த சரித்திரத்தில் பாதி இப்படித் தவறி வந்த தொகுதிகளில் படித்ததுதான்.

இன்னொரு விதமான படிப்பும் எனக்கு உண்டு. ஊன்றுகோலின் அடியில் ரப்பர்க் குல்லா ஒன்று இருக்கும், அது சீக்கிரம் தேயும். பதுளைக் கடைவீதியில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கும் முஸ்லிம் அண்ணன், நாங்கள் நானா என்று கூப்பிடுபவர், எனக்கென்றே அந்த அளவில் வாங்கி வைத்திருப்பார். பழையதைக் கழற்றி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். ஒரு பக்கம் மட்டும் சாய்வாகத் தேய்ந்திருந்தால் ஏற்றத்தில் நடந்திருக்கிறேன் என்பார். சுற்றிவரத் தேய்ந்திருந்தால் கெம்பஸ் சீமெந்துத் தரை என்பார். அநேகமாகச் சரியாகவே இருக்கும். எனக்கும் அந்தப் பழக்கம் தொற்றிக்கொண்டது. ஒரு படிக்கட்டைப் பார்த்தால் எந்தப் பக்கம் அதிகம் தேய்ந்திருக்கிறது, அங்கே ஆட்கள் ஏறுகிறார்களா இறங்குகிறார்களா என்று பார்த்துக்கொண்டு நிற்பேன். பின்னால் வருகிறவர்கள் நான் ஏற முடியாமல் நிற்பதாக நினைத்துக் கை கொடுப்பார்கள்.

ஏழாம் நம்பர் மலைக் கல்லைக் கண்டுபிடித்தது நான் இல்லை. என் சித்தி மகள். நாங்கள் விட்டுவந்த அதே தோட்டத்தில் அவள் கொழுந்து எடுக்கிறாள். தோட்டத்தில் மலைகளுக்குப் பெயர் இல்லை, நம்பர்தான். ஏழாம் நம்பரில் மழைத்தண்ணீர் ஓடும் கானை அகலமாக்கியபோது, பாதையோரம் காலங்காலமாகப் படுத்துக்கிடந்த ஒரு நீளமான கல்லை நெம்பி நிமிர்த்தி ஓரமாக நட்டுவைத்திருக்கிறார்கள். மண்ணுக்குள் புதைந்திருந்த அதன் ஒரு முனையில் எழுத்துப் போல ஏதோ தெரிந்திருக்கிறது. யாரோ ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிட்டார்கள். தங்கச்சி அதைப் படம் எடுத்து, "அக்கா, இது ஒனக்கு ஆகுமா?" என்று கேட்டு அனுப்பியிருந்தாள்.

படத்தில் ஒன்றும் சரியாகத் தெரியவில்லை. கொஞ்சம் மாவைத் தூவித் துடைத்துவிட்டு, பக்கவாட்டில் நின்று எடு, பள்ளத்தில் மாவு தங்கி எழுத்து தெரியும் என்று சொன்னேன். துணி கட்டிய கல்லில் மாவைப் பூசுவது அவளுக்குச் சரியாகப் படவில்லை. வேலை முடிந்ததும் வீட்டிலிருந்து திருநீறு கொண்டுபோய், எங்கெல்லாம் விரலுக்குப் பள்ளம் தட்டுப்பட்டதோ அங்கெல்லாம், அக்காவுக்குத் தெளிவாகத் தெரியட்டும் என்று பார்த்துப் பார்த்து நிரப்பியிருக்கிறாள். பதினொரு படம் வந்தது.

அந்தப் படங்களை அன்றைக்கு இரவு முழுக்கப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். கல்லின் கீழ்ப்பகுதியில் ஒன்றரை வரி, பழைய தமிழ் எழுத்து. நடுப்பகுதியில், வெள்ளைவெளேரென்று, பக்கம் பக்கமாக ஐந்து கோடுகள், அவற்றைக் குறுக்கே வெட்டிக்கொண்டு வளைவாக ஒரு கோடு. அந்தக் காலத்து வணிகக் குழுக்கள் தங்கள் கல்வெட்டுகளில் ஏர், வில் என்று குறிகள் பொறிப்பதுண்டு. ஐந்து கோட்டில் எனக்கு ஏர் தெரிந்தது, வளைவில் வில் தெரிந்தது. இரண்டு வருடமாக நான் தேடியது அதைத்தான். வணிகர்கள் இந்த மலை வழியாகப் போனார்கள் என்று ஊகிக்க முடிந்ததே தவிர, இங்கேதான் நின்றார்கள் என்று காட்ட என்னிடம் ஒரு கல்கூட இருக்கவில்லை. மூன்றாம் அத்தியாயம் முழுவதையும் அந்தக் குறியின் மேல் கட்டினேன்.

அப்பாவிடம் படத்தைக் காட்டினேன். போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்து, "இந்தக் கல்லா?" என்றார். ஆமாம், ஆயிரம் வருடம் இருக்கும் என்றேன். "ஆயிரம் வருசமா?" என்று ஒருமுறை கேட்டார், பிறகு ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அடுத்த வாரத்துக்குள் அவருடைய கடைவாசலுக்கு வந்துபோகும் எல்லோருக்கும் விஷயம் தெரிந்திருந்தது. வெள்ளைக்காரன் கொண்டுவந்து இறக்கிய கூட்டம், தேயிலைச் செடியைவிட உங்களுக்கு இங்கே வயது குறைவு என்று வாழ்நாள் முழுக்கக் கேட்டவர் அவர். இப்போது, "எம் மக எழுதுற பொஸ்தகத்துல வருது, நாங்க கவ்வாத்து வெட்டுன மலையில ஆயிரம் வருசத்துக்கு முன்னயே தமிழ் எழுத்து" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர் கழுத்து நிமிர்ந்திருந்ததை நான் பார்த்தேன். என் அத்தியாயம் மட்டும் அல்ல, அந்தக் கழுத்தும் அந்தக் கல்லின் மேல்தான் நின்றது.

மாதாந்தக் கருத்தரங்கில் அத்தியாயத்தை வாசித்தேன். எல்லோரும் பாராட்டினார்கள். கடைசி வரிசையிலிருந்து சக ஆய்வாளர் ஒருவர், கல்லை நேரில் பார்த்தீர்களா என்று கேட்டார். வேறெதுவும் கேட்கவில்லை. நான் ஊன்றுகோல் இரண்டையும் எடுத்து மேசைமேல் சத்தம் கேட்க வைத்து, நமுனுகுல மலைச்சரிவு எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியுமா, நீங்கள் தூக்கிக்கொண்டு போகிறீர்களா என்று கேட்டேன். அவர் முகம் சிவந்து மன்னிப்புக் கேட்டார். என் மேற்பார்வையாளர், மட்டக்களப்புக்காரப் பேராசிரியை, பேச்சை மாற்றினார். அன்றைக்கு நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன். சரியான கேள்வி ஒன்றை என் காலை முன்னால் நிறுத்தி விரட்டியிருக்கிறேன் என்று புரிய ஐந்து மாதம் ஆனது.

ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். பயன்படுத்திய ஒவ்வொரு கல்வெட்டுக்கும் எதிரே மூன்று கட்டம்: நேரில் பார்த்தது, நூலில் பார்த்தது, படத்தில் பார்த்தது. ஏழாம் நம்பர் கல்லுக்கு எதிரே என் பேனா நின்றது. பேராசிரியை தணிந்த குரலில், "படம் எண்டு போடுங்கோ. உங்கட நிலைமை எல்லாருக்கும் தெரியும்தானே" என்றார். நல்ல மனதோடு சொன்னதுதான். எனக்கோ உச்சி முதல் பாதம் வரை கொதித்தது. வேறு யாராவது இந்த அத்தியாயத்தை எழுதியிருந்தால், போய்ப் பார்த்துவிட்டு வா என்று அனுப்பியிருப்பார். என்னை மட்டும் அனுப்பவில்லை. அந்தச் சலுகையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டதும் நான்தான். படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு ஊருக்குப் புறப்பட்டேன்.

கச்சான் காற்று அடிக்கும் மாதம் அது, தரை காய்ந்திருக்கும். த்ரீவீல் கொழுந்து நிறுக்கும் மடுவம் வரை போனது. அங்கிருந்து கல் நிற்கும் இடத்துக்கு ஒற்றையடிப் பாதை, செடிகளுக்கு நடுவில் செங்குத்தாக ஏறுகிறது. நடக்கிறவர்களுக்குப் பத்து நிமிடம். தங்கச்சி ஏற்பாடெல்லாம் செய்து வைத்திருந்தாள். இரண்டு ஆட்கள், ஒரு மூங்கில், ஒரு கம்பளி. தோட்டத்தில் நோயாளிகளை ரோட்டுக்குக் கொண்டுவருவது அப்படித்தான். கம்பளியைத் தூளி போல மூங்கிலில் கட்டித் தோளில் தூக்குவார்கள். நான் மாட்டேன் என்றேன். அவள் எவ்வளவோ சொன்னாள். நான் கொழுந்து மூட்டை இல்லை என்று சொல்ல நினைத்து, அவளும் தினமும் கொழுந்து மூட்டை சுமப்பவள்தானே என்று ஞாபகம் வந்து வாயை மூடிக்கொண்டேன்.

வழி கண்டுபிடித்தவர்கள் அந்த மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள். செடி குத்தாமல் இருக்க அவர்கள் இடுப்பில் படங்கு என்னும் தடித்த துணியைச் சுற்றிக் கட்டியிருப்பார்கள். ஒரு அக்கா தன்னுடையதை அவிழ்த்து, என்னை உட்காரச் சொல்லி, இடுப்பிலிருந்து கணுக்கால் வரை இறுக்கிச் சுற்றிவிட்டார். நான் மலைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். இரண்டு கையையும் பின்னால் ஊன்றி உடம்பைத் தூக்கி ஒரு படி மேலே வைப்பேன். பிறகு அடுத்த படி. ஊன்றுகோல்களைத் தங்கச்சி எடுத்துக்கொண்டாள். பெண்கள் அவரவர் நிரையில் கொழுந்து எடுத்தபடியே எனக்கு இரு பக்கமும் ஏறினார்கள். என்னை யாரும் உற்சாகப்படுத்தவில்லை, பரிதாபப்படவும் இல்லை. நான் ஒரு படி ஏறுவதற்குள் அவர்கள் ஒரு செடி முடித்தார்கள்.

முன்னோக்கி ஏறுகிறவர்களுக்குத் தெரிவது அடுத்த படியும் முன்னால் போகிறவர் காலும்தான். எனக்கு மொத்தப் பள்ளத்தாக்கும் முன்னால் இருந்தது. ஒவ்வொரு படிக்கும் அது கொஞ்சம் விரிந்தது. முதலில் மடுவத்துக் கூரை, பிறகு லயங்கள், பிறகு நான் பிறந்த லயத்தின் கடைசி அறையான தொங்கல் காம்பரா, பள்ளிக்கூடம், தூரத்தில் ஒரு வளைவில் ரயில் பாதை. பொதி சுமந்துகொண்டு இந்த வழியாக யாராவது போயிருந்தால் எங்கே மூச்சு வாங்கியிருப்பார்கள், எங்கே தண்ணீர் குடித்திருப்பார்கள் என்று பார்த்துக்கொண்டே ஏறினேன். இரண்டு வருடம் வரைபடத்தில் பார்த்துப் புரியாத ஒன்று பாதி மலையில் புரிந்தது: இந்தச் சரிவில் பாதை போக ஒரே ஒரு இடம்தான் இருக்கிறது. உள்ளங்கை இரண்டும் உரிந்து எரிந்தன. ஆனாலும் இவ்வளவு சந்தோஷமாக நான் எந்த நூலகத்திலும் இருந்ததில்லை.

கல் நான் நினைத்ததைவிடச் சின்னது. நான் உட்கார்ந்த உயரம்தான் இருந்தது. திருநீறு மழையில் கரைந்து போயிருந்தது. சிவப்புத் துணியைத் தங்கச்சி கும்பிட்டுவிட்டு அவிழ்த்தாள். முதலில் கீழே உள்ள எழுத்துகளைத் தடவினேன். உளி வெட்டிய பள்ளம் கையில் தெரியும். ஓரம் கூர்மையாக இருக்கும், அடியில் சொரசொரப்பு இருக்கும், வெட்டு முடிகிற இடத்தில் சட்டென்று நிற்கும். ஆயிரம் வருடத்துக்குப் பிறகும் அது அப்படியே இருந்தது. ஒரு சொல் முழுசாகப் படிக்க முடிந்தது. கொடுத்தோம்.

பிறகு ஏரைத் தடவினேன். விரல் வழுக்கிக்கொண்டு போனது.

கூர்மை இல்லை, சொரசொரப்பு இல்லை. நடுவில் ஆழம், இரண்டு முனையிலும் மெல்ல மெல்ல ஆழம் குறைந்து கல்லோடு கலந்தது. பட்டுப் போல வழவழப்பு. அந்த வழவழப்பு எனக்கு நன்றாகத் தெரியும். பத்து வருடமாக என் உள்ளங்கை பட்டுப் பட்டு என் ஊன்றுகோல் பிடி அப்படித்தான் இருக்கிறது. இது யாரும் செதுக்கியது இல்லை, தேய்ந்தது. திரும்பி, மேலே நிரையில் நின்ற பெண்களிடம், இந்தக் கல்லை எதற்காவது பயன்படுத்தினார்களா என்று கேட்டேன்.

எனக்குப் படங்கு கொடுத்த அக்கா கையை நிறுத்தாமல், "அது தீட்டுக்கல்லுதானே. கவ்வாத்து மெசின் வர்றதுக்கு முன்ன ஆம்பளைங்க எல்லாம் அதுலதான் கத்தி தீட்டுவாங்க" என்றார். எல்லோருக்கும் தெரிந்திருந்தது. நான் ஒருவரையும் கேட்கவில்லை, அவ்வளவுதான். தங்கச்சிக்கு மட்டும் தெரியாது. அவள் வேலைக்கு வந்தபோதே மெசின் வந்துவிட்டது.

ஐந்து கோடுகளும் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தன. கல் முன்பு எப்படிப் படுத்துக்கிடந்தது, ஆட்கள் எந்தப் பக்கம் குந்தியிருப்பார்கள் என்று தங்கச்சியிடமும் அந்த அக்காவிடமும் விசாரித்து, கையில் கத்தி இருப்பது போல வலது கையைப் பள்ளத்தில் வைத்து இழுத்துப் பார்த்தேன். சரியாகப் போனது. குறுக்கே போன வளைவில், நான் வில் என்று எழுதிய கோட்டில், வலது கை போகவில்லை. மணிக்கட்டு முறுக்கிக்கொண்டது. இடது கையை வைத்தேன். வைத்ததும் பொருந்தியது. கையை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன். என்னைச் சுமந்த கை அது.

தங்கச்சி பக்கத்தில் வந்து குந்தினாள். விஷயத்தைச் சொன்னேன். அவளுக்கு முதலில் வந்தது தன்மேல்தான் கோபம். திருநீறு பூசியது தான்தானே என்றாள். அவள் பள்ளத்தை நிரப்பினாள், அதற்கு ஏர் என்றும் வில் என்றும் பெயர் வைத்தது நான்தான் என்றேன். அவள் மலையை மேலும் கீழும் பார்த்துவிட்டு மெதுவாக, "அக்கா, வேற யாரு இங்க ஏறி வந்து பாக்கப் போறா? எழுதுனது எழுதுனபடியே இருக்கட்டுமே. பெரியப்பாவ நெனச்சுப் பாரு" என்றாள். நினைத்துப் பார்த்தேன். உண்மையைச் சொன்னால், கீழே கொடுத்தோம் என்ற சொல்லும் இன்னும் நாலைந்து எழுத்தும் மட்டும் மிஞ்சும். எதைக் கொடுத்தார்கள், யாருக்கு, கொடுத்தவர்கள் யார் என்பதெல்லாம் மேலே இருந்திருக்க வேண்டும். மேலே இருந்ததைக் கத்திகள் தின்றுவிட்டன. நமது எழுத்து என்று அப்பா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்ததை, அப்பாவும் அவர் கூட்டாளிகளும்தான் ஒரு தலைமுறையாகத் தேய்த்து அழித்திருக்கிறார்கள். இதை எந்த முகத்தோடு அவரிடம் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. இறங்கும்போது பள்ளத்தாக்கைப் பார்க்கவே இல்லை.

அடுத்த நாள் காலை அப்பா வேலைக்குக் கிளம்பும் முன் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். கோப்பையை வைத்தார்.

"அந்தக் கல்லு தெரியும்" என்றார். "நீ படத்தக் காட்டுன அன்னிக்கே தெரியும்."

தெரிந்தும் ஏன் சொல்லவில்லை என்று கத்திவிட்டேன். ஐந்து மாதத்துக்கும் மேல், ஒரு கருத்தரங்கு, ஒரு மனிதரை நான் அவமானப்படுத்தியது எல்லாம் அந்தக் கத்தலில் இருந்தது.

"நீ படிச்ச புள்ள. இது ஆயிரம் வருசக் கோடுன்னு நீ சொன்ன. அந்தக் கோட்டுல கத்தி அப்பிடியே ஒக்காரும்மா. அது முன்னயே இருந்துச்சு, நாங்க அதுக்குள்ளதான் கத்திய வச்சோம்னு நெனச்சுக்கிட்டேன்." கொஞ்ச நேரம் தன் இடது கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப நாங்கதான் அழிச்சோமா?"

ஆமாம் என்றேன். வேறு எப்படியும் சொல்ல வராது, சொல்லவும் கூடாது. அவர் எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வேலைக்குப் போனார். அந்த வாரம் முழுக்கக் கடைவாசலில் அவர் கல்லைப் பற்றி யாரிடமும் பேசவில்லை என்று கடைக்குப் போய்வந்தவர்கள் சொன்னார்கள். அப்பாவிடம் சொன்ன அன்றைக்கே அந்தச் சக ஆய்வாளருக்கு, உள்ளங்கை உரிய ஏறிப்போய்ப் பார்த்துவிட்டேன், நீங்கள் கேட்டது சரி என்று எழுதினேன். மூன்று நாள் கழித்து, கையில் காயம் ஆறிவிட்டதா என்று மட்டும் கேட்டுப் பதில் வந்தது.

மூன்றாம் அத்தியாயத்தைத் திரும்ப எழுதினேன். நாற்பது பக்கம் பதினொரு பக்கமானது. வணிகர்கள் போய்விட்டார்கள், ஏரும் வில்லும் போய்விட்டன. பாதை போக அந்தச் சரிவில் ஒரே இடம்தான் உண்டு என்பது மிஞ்சியது. அதை உட்கார்ந்தபடி ஏறித் தெரிந்துகொண்டேன் என்பதையும் எழுதினேன். கத்தித் தடங்களை ஒவ்வொன்றாக விவரித்தேன். படிவத்தில் முதல் கட்டத்தில் அடையாளம் போட்டேன். பேராசிரியை வாசித்துவிட்டு ஓரிடத்தில் மட்டும் சிவப்பு மையால் கோடிட்டிருந்தார். குறுக்குத் தடம் இடக்கைக்காரர் ஒருவர் தீட்டியது என்று நான் எழுதியிருந்த வரி அது. பக்கத்தில், "இதற்கு ஆதாரம்?" என்று இருந்தது.

அடிக்குறிப்பை எழுதி அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். தகவல் தந்தவர், தடத்தை ஏற்படுத்தியவர், முன்னாள் கவ்வாத்துத் தொழிலாளி, ஆய்வாளரின் தந்தை. இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன்.

"என்னய மட்டும் போடாத. அந்த மலையில கத்தி புடிச்ச எல்லாரும்னு போடு" என்றார். அப்படியே மாற்றினேன். அவர் போகாமல் நின்றுகொண்டிருந்தார். பல நாளைக்குப் பிறகு அவர் முகத்தில் பழைய களை கொஞ்சம் தெரிந்தது. "அது சரி, அந்தக் கொடுத்தோம்ங்கிற எழுத்த வெட்டுனானே ஒருத்தன், அவன் எந்தக் கைக்காரன்? அதப் பாத்தியா?"

நான் பார்க்கவில்லை. அப்படி ஒரு கேள்வி இருக்கிறது என்றே எனக்குத் தோன்றவில்லை, எந்தத் தொகுதியிலும் யாரும் கேட்டதாக ஞாபகமும் இல்லை. உளி எந்தப் பக்கமிருந்து இறங்கியது என்பதைத் தடவிப் பார்த்தால் ஒருவேளை தெரியலாம். அதற்கு மறுபடியும் மலை ஏற வேண்டும். திருப்பிக் கொடுக்க வேண்டிய படங்கைத் துவைத்துக் கொடியில் போட்டிருக்கிறேன். அப்பா நாளைக்கு லீவு கேட்டிருக்கிறார்.